தாள் மேல் வைத்த உளி

பதினோரு வருஷமாகக் கடைசல்காரனுக்கு அத்தான் மேல் ஒரு கோபம். வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார், அவ்வளவு சின்னக் கோபம். அதனாலேயே அது உள்ளே கிடந்து கெட்டிப்பட்டுப் போயிருந்தது.

விஷயம் இதுதான். அக்காவைக் கட்டினவர் அட்டை வேலை செய்கிறவர். ஆபீசுகளுக்குக் காகிதம் போட்டு வைக்கிற உறை செய்து கொடுப்பார். இவன் லேத்தில் இரும்பு கடைகிறவன். ஒருநாள் அத்தான், "கடையில வாங்குற ஐலெட் உளியெல்லாம் ரெண்டு மாசத்துல மூக்கு உடையுது மாப்ள" என்று சலித்துக்கொண்டார். செய்து கொடு என்று கேட்கக்கூட இல்லை. இவனாக ஏற்றுக்கொண்டான். பட்டறை முதலாளியிடம் கெஞ்சிச் சாவி வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமை தனியாக நின்று, நல்ல எஃகில் ஓர் உளி கடைந்தான். கை வழுக்காமல் இருக்கப் பிடியில் சொரசொரப்பு வெட்டினான். மூக்கைக் கண்ணாடி மாதிரி தேய்த்தான். எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அத்தான் வாங்கிப் பார்த்து, "அடேயப்பா" என்றார்.

அடுத்த வாரம் போனால், உளி சன்னலோரம் தாள் கட்டின் மேல் நிற்கிறது. மின்விசிறிக் காற்றுக்குத் தாள் பறக்காமல் இருக்க.

அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை அந்த மூன்று மாடிப் படி ஏறியிருக்கிறான். ஏறி, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, நிமிர்ந்தால் கண் நேராக அங்கேதான் போகும். உளி அங்கேயே நிற்கும். அத்தான் கடையில் வாங்கின மட்ட உளியால் தட்டிக்கொண்டிருப்பார். இவன் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வான்.

ஐலெட் என்றால் வேறொன்றுமில்லை. செருப்பில், பையில், கயிறு நுழைகிற துளையைச் சுற்றிப் பித்தளை வளையம் இருக்குமே, அதுதான். அடிப்பதற்கு முன்னால் அது ஒரு குட்டித் தொப்பி. ஒரு பக்கம் விளிம்பு, மறுபக்கம் குழாய். அட்டையில் துளை போட்டு, குழாயை உள்ளே விட்டு, விளிம்பு கீழே பட அடித்தட்டின் மேல் வைத்து, மேலே உளியை நிறுத்தி ஓர் அடி. குழாயின் வாய் மலர்ந்து, வெளிப்பக்கமாகச் சுருண்டு, அட்டையைக் கவ்விக்கொள்ளும். பார்க்க ஒரு நொடி வேலை. அத்தான் அதை முப்பது வருஷம் செய்தார்.

அவர் செய்தது வரைபடம் வைக்கிற பெரிய உறை. மூடியில் ஒரு சிவப்பு அட்டை வில்லை, உறையின் உடம்பில் ஒரு வில்லை. இரண்டுக்கும் நடுவில் நூலை எட்டுப் போட்டுச் சுற்றினால் உறை மூடிக்கொள்ளும். வில்லையை உறையோடு பிடித்து வைப்பது ஐலெட்தான். நூல் இழுக்க இழுக்க பாரமெல்லாம் அதன் மேல்தான் விழும்.

அத்தான் ஐலெட்டை எடுக்கும் முன் அட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பார். குழாய் அட்டையைத் தாண்டி ஒன்றரை மில்லி வெளியே நிற்க வேண்டும். கூடினால் சுருளாமல் கிழியும், குறைந்தால் கவ்வாது. துளை குழாய்க்குச் சரியாக இருக்க வேண்டும். லேசாகப் பெரிதானாலும் ஒரு மாதத்தில் ஐலெட் ஆடி, அட்டையைத் தின்றுவிடும். அடித்து முடித்ததும் ஒரு துளி பஞ்சு பிய்த்து, சுருண்ட விளிம்பைச் சுற்றி ஒரு தடவை ஓட்டுவார். ஓர் இழை மாட்டினாலும் அந்த உறை ஒதுக்கு. "இன்னைக்கு பஞ்சு மாட்டுது, நாளைக்கு நூலு அறும். அவன் வரைபடம் ரோட்டுல கிடக்கும், என் மானம் அது மேல கிடக்கும்" என்பார். ஒட்டுப்போட்டால் என்ன என்று இவன் ஒருமுறை கேட்டதற்கு, "கிழிஞ்சதை ஒட்டலாம் மாப்ள. அப்புறம் அது உறை இல்ல, ஆஸ்பத்திரி" என்றார்.

இவ்வளவு பார்க்கிற மனுஷன் கஞ்சத்தனத்திலும் அதே அளவு கெட்டி. பென்சில் நகத்தளவு ஆனதும் குச்சியில் கட்டி எழுதுவார். கீழே விழுந்த ஐலெட்டைப் பொறுக்க ஒரு காந்தம் வாங்கினார். பித்தளையைக் காந்தம் இழுக்காது என்று மச்சினன் சொல்லித்தான் தெரிந்தது. காந்தத்தைத் திருப்பிக் கொடுக்கப் போய்க் கடைக்காரனோடு சண்டை. அதற்குப் பிறகு கட்டிலுக்கடியில் தவழ்ந்துதான் பொறுக்குவார். ஒதுக்கின உறையைத் தூக்கி எறிய மாட்டார். அடித்த ஐலெட்டைச் சுற்றி வெட்டி எடுத்து ஒரு மருந்து டப்பாவில் போட்டு வைப்பார். அடித்த ஐலெட்டை வைத்து எவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கும் அது தெரியும்.

இப்படி இருந்தவருக்கு, மழைக்காலத்தில் ஒரு காலை, பல் துலக்கும்போது பிரஷ் கையை விட்டு விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். வீட்டுக்கு வந்தபோது வலது கை அவரோடு வந்தது, அவர் சொன்னதைக் கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் படி ஏறி வருகிற மாதிரி வரும்.

வேலை மேசைக்கு எதிரில் கட்டிலைப் போட்டார்கள். வேறு இடமில்லை.

கடைசல்காரன் பட்டறை விட்டதும் நேராக அங்கே போவான். பத்து மணி நேரம் நின்ற கால். பஸ்ஸிலும் நின்று, அப்புறம் மூன்று மாடி. ஒரு சாயங்காலம் போனபோது, வரைபட ஆபீஸ் குமாஸ்தா இறங்கி வந்துகொண்டிருந்தார். இவனைப் பார்த்து, "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே அக்கா மேசையில் கை ஊன்றி நின்றிருந்தாள்.

"முந்நூத்தம்பது உறை. மாசக் கடைசிக்குள்ள வேணுமாம்" என்றாள். "முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்குறோங்கிறாரு."

"முடியாதுன்னு சொல்லிடு."

"முடியும்னு சொல்லிட்டேன்."

"யாரு அடிக்கப் போறா? நீயா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா? வெட்டுறேன், மடிக்கிறேன், ஒட்டுறேன். இருபத்தெட்டு வருஷமா பசை என் நகத்துலதான் காயுது. இது ஒண்ணுதான் இவரு என்னைத் தொட விடல."

"அக்கா, பேசாம ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

"உன் பொண்டாட்டி நல்லவடா" என்றாள் அக்கா. "அவ நல்லவளாவே இருக்கட்டும்னுதான் வரல."

விஷயம் இதுதான் என்று அவனுக்குப் புரிந்தது. இந்த முந்நூற்றைம்பதை அக்கா முடித்துக் கொடுத்தால் அந்த மேசை அவளுடையது. முடிக்காவிட்டால், கட்டிலையும் கட்டிலில் இருப்பவரையும் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக் கூடத்தில் ஒரு ஓரம்.

அத்தானின் பழைய உளி அவள் கைக்கு ஒத்துவரவில்லை. அதன் மூக்கு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அவர் சாய்த்துப் பிடித்து அரை அடி, திருப்பிப் பிடித்து அரை அடி என்று அதோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். அக்கா அடித்தால் ஐலெட் ஒரு பக்கம் சுருண்டு மறுபக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

கடைசல்காரன் கடை கடையாக ஏறி இறங்கினான். முதலில் ஐலெட் குறடு வாங்கி வந்தான். பிடித்து அமுக்கினால் போதும், சுத்தியலே வேண்டாம் என்று கடைக்காரன் சொன்னான். உண்மைதான். ஓரத்தில் அழகாக அடித்தது. ஆனால் வில்லை இருப்பது ஓரத்திலிருந்து நாலு விரல் உள்ளே. குறட்டின் வாய் ஒரு விரல்தான் எட்டியது.

"வாங்கும்போது அளந்து பாக்கலையா?" என்றாள் அக்கா. "அளவு அளவுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவ."

அடுத்து ஸ்பிரிங் வைத்த உளி. மேலே அமுக்கினால் உள்ளே தானாக ஒரு தட்டு தட்டும். சத்தம் இல்லை, எங்கே வேண்டுமானாலும் எட்டும். அக்காவுக்குப் பிடித்துப்போனது. மெல்லிய தாளில் ஜம்மென்று உட்கார்ந்தது. உறை அட்டையும் உள்ளே ஒட்டின துண்டு அட்டையும் வில்லையும் சேர்ந்த கனத்துக்கு அதற்குப் பலம் போதவில்லை. வாய் லேசாக மலர்ந்து, பாதிக் கொட்டாவியில் தூங்கிப்போன மாதிரி நின்றது. விரலால் தள்ளினால் ஐலெட் கழன்று வந்தது.

மூன்றாவதாகக் கடையில் கிடைக்கிற அடி உளியையே புதிதாக வாங்கினான். நாற்பதாவது உறையில் மூக்கு முறிந்தது. வார்ப்பு உலோகம், மேலே முலாம். இன்னொன்று வாங்கினான். அது இருபதில் முறிந்தது. மாசத்தில் பதினொரு நாள் பாக்கி இருந்தது. ஒவ்வொரு தடவையும் கட்டிலிலிருந்து அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை நடுநடுவே சன்னல் பக்கம் போய் வந்ததை இவன் கவனித்தான். கவனிக்காத மாதிரி இருந்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா முறிந்த உளியை மேசையில் போட்டுவிட்டு, தாள் கட்டின் மேல் நின்றதை எட்டி எடுத்தாள்.

"ஏன்டா, இதுவும் அதுதானே? நீ செஞ்சு குடுத்தது. இத்தனை வருஷமா ஏன் சும்மா நிக்குது?"

"உன் வீட்டுக்காரரைக் கேளு" என்றான்.

அக்கா உளியைக் கையில் பிடித்துப் பார்த்தாள். கனமாக, நேராக நின்றது. சாயவில்லை. "பிடிக்க எவ்வளவு சுகமா இருக்கு!" என்றாள். கடைசல்காரன் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தான். பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு அடி. கட்டில்காரர் கண் முன்னால். இதற்காகவே இந்த வாழ்க்கை என்று ஒரு நிமிஷம் நினைத்தான்.

அக்கா அடித்தாள்.

ஐலெட் சுருளவில்லை. பூ மாதிரி ஆறு இதழாக வெடித்தது. இதழ் ஒவ்வொன்றும் பிளேடு. சிவப்பு வில்லையைக் கீறி உறையில் இறங்கியிருந்தது.

"சாச்சுப் பிடிச்சிருப்ப" என்றான்.

இன்னொன்று அடித்தாள். வெடித்தது.

"குடு இப்படி. உனக்கு அடிக்கத் தெரியல."

வாங்கி, நிறுத்தி, கண்ணை இடுக்கிப் பார்த்து, மெதுவாக ஓர் அடி அடித்தான். வெடித்தது. காதெல்லாம் சூடானது. இன்னொரு ஐலெட்டை எடுத்து வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

"மாப்ள" என்றார் அத்தான். "வேணாம். அதுவும் வெடிக்கும்."

திரும்பிப் பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தின் ஒரு பாதிதான் சிரித்தது.

"அந்த மருந்து டப்பாவ எடு."

அக்கா எடுத்துக் கொட்டினாள். வெட்டி எடுத்த ஐலெட்டுகள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் துண்டு அட்டை.

"நீ அன்னைக்கு மாதிரிக்கு ஒரு ஐலெட் கேட்டல்ல... அளவு எடுக்க."

"ஆமா. குடுத்தீங்க."

"இதுலருந்துதான் குடுத்தேன்."

கடைசல்காரன் ஒன்றை எடுத்து விரலில் உருட்டினான். ஞாபகம் வந்தது. அட்டையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுத்தான் கொடுத்திருந்தார். ஐலெட் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வாயின் அகலத்தை வெர்னியர் வைத்து முடியளவு பிசகாமல் அளந்து எழுதிக்கொண்டான். அடி வாங்கி அகன்றுபோன வாய். அடி வாங்காத குழாய் அதைவிடக் குறுகல். மூக்கு உள்ளே போகாமல் குழாயின் உதட்டிலேயே உட்கார்ந்து பிளக்கிறது. அளவு தப்பில்லை. அளந்த பொருள்தான் தப்பு. லேத்தில் அத்தனை வருஷம் நின்றவன், இது அடித்ததா அடிக்காததா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? அதை அவன் வெளியே சொல்லவில்லை.

"புதுசு ஒண்ணு குடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று கத்தினான்.

"ஒரு ஐலெட் குறைஞ்சிருக்கும்" என்றார் அத்தான்.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "கடவுளே! ஒத்த ஐலெட்டுக்காகவா? ஒத்த ஐலெட்டு! இந்த மனுஷனோட நான்..."

"இதுக்குத்தான்... சொல்லல" என்றார் அவர், மச்சினனைப் பார்த்து.

"சொல்லியிருந்தா மறுநாளே சரி பண்ணியிருப்பேனே அத்தான்."

அத்தான் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாக ஏற்றிக் கொண்டுவந்தார்.

"நீ எண்ணெத் துணியில சுத்திக் கொண்டு வந்த. பெத்த புள்ளையக் காட்டுற மாதிரி காட்டுன. அன்னைக்கே சொல்லியிருந்தா உன் தப்புன்னு நினைச்சிருப்ப. ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னா என் தப்புன்னு தெரிஞ்சிருக்கும். ரெண்டும் எனக்குப் பிடிக்கல."

"அதுக்கு டிராயர்ல போட்டு வச்சிருக்கலாமே. தாள் மேலயா வைக்கிறது? நான் வர்றப்பல்லாம்..."

"டிராயர்ல போட்டா மறந்துடுவேன்" என்றார். "கண்ணு முன்னால இருக்கட்டும்னுதான்." கொஞ்சம் பொறுத்து, "கனமும் நல்லா இருந்துது" என்றார்.

கடைசல்காரன் நாற்காலியில் உட்கார்ந்தான். கோபப்படலாம் என்று பார்த்தான். உடம்பில் அதற்குத் தெம்பில்லை. பதினோரு வருஷம் தூக்கிச் சுமந்த மூட்டையை அவிழ்த்தால் உள்ளே கைப்பிடிப் பஞ்சுகூட இல்லை. தோள் வலி மட்டும் அப்படியே இருந்தது.

அக்கா பெட்டியைத் திறந்து, அடிக்காத புது ஐலெட் ஐந்தை எடுத்து, புருஷன் பார்க்கும்படி ஒவ்வொன்றாகத் தம்பி உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா. அஞ்சு. தொலைச்சாலும் பரவால்ல." அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கே பட்டறைச் சாவி வாங்கினான். கெட்டிப்படுத்தின எஃகு, அப்படியே வெட்டு ஏறாது. மூக்கைச் செக்கச் செவேல் என்று பழுக்கவைத்து, சாம்பலில் புதைத்துத் தானாக ஆறவிட்டான். மறுநாள் சாப்பாட்டு வேளையில் லேத்தில் பிடித்து முக்கால் மில்லி இறக்கினான். மூக்கின் நுனியைக் குழாய்க்குள் தொளதொளவென்று இல்லாமல் நுழைகிற அளவுக்குக் குறைத்து, அதன் தோளில் அகலமான பள்ளம் விட்டான். பித்தளை உருண்டு திரும்ப இடம் வேண்டும். தாள் வேலைக்கு அது இன்னும் மெதுவாகத் திரும்ப வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். மறுபடி பழுக்கவைத்து எண்ணெயில் முக்கி, வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூடு காட்டி ஆறவைத்தான். மூன்று ஞாயிறு பிடித்த வேலை, இந்த முறை இரண்டு சாப்பாட்டு வேளையில் முடிந்தது. சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை படியேறும்போது எண்ணெய்த் துணி எதுவும் சுற்றவில்லை. சட்டைப் பையில் போட்டு எடுத்துப் போனான். அக்கா அடித்தட்டுக்குக் கீழே பழைய கம்பளித் துண்டை மடித்துப் போட்டிருந்தாள், கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் போடாமல் இருக்க. உளியை வாங்கி நிறுத்தி ஓர் அடி அடித்தாள். உறையை எடுத்து, பார்க்காமலே கட்டிலுக்குக் கொண்டுபோனாள்.

அத்தான் இடது கையால் பஞ்சைப் பிய்த்தார். பிய்க்கவே ஒரு நிமிஷம் ஆனது. விளிம்பைச் சுற்றி ஓட்டினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பஞ்சு எங்கும் மாட்டாமல் முழுசாகத் திரும்பி வந்தது.

"அடுத்தது" என்றார்.

அவ்வளவுதான் பாராட்டு. அக்கா திரும்பிப் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரைக்கும் நின்றுகொண்டேதான் அடித்துக்கொண்டிருந்தாள்.

முந்நூற்றைம்பதும் மாசக் கடைசிக்கு முதல் நாள் போய்ச் சேர்ந்தது. குமாஸ்தா இரண்டு உறையை இழுத்துப் பார்த்து, அடுத்த மாசத்துக்கு இன்னும் இருநூறு உறை கேட்டார். அதற்கப்புறம் அத்தான் பத்தொன்பது நாள்தான் இருந்தார். அந்த நாட்களிலும் பேசினார். தண்ணீர் கேட்டார், சன்னலைச் சாத்தச் சொன்னார், அக்கா கீழே சிந்தின ஐலெட்டை எண்ணிச் சொன்னார். ஆனால் மச்சினனிடம் ஒரு வேலை சொன்னது ஒரே தடவைதான்.

அது கடைசி உறை போன அன்றைக்குச் சாயங்காலம். கடைசல்காரன் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அக்கா மின்விசிறியைப் போட்டாள். சன்னலோரத் தாள் கட்டின் மேல் ஒன்றும் இல்லை. நாலு தாள் கிளம்பி, அறையைச் சுற்றி, ஒன்று அத்தான் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அவர் அதை இடது கையால் எடுத்துப் பார்த்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தான்."

"தாளு பறக்குது. அதே கனத்துல ஒண்ணு கடைஞ்சு குடு. அதே உசரம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மூக்கு வேணாம். மூக்கு வச்சா உங்க அக்கா அதையும் எடுத்து அடிச்சுடுவா."